ஜூன் விடுமுறை: பிள்ளையோடு வெளியே போவோம், தமிழில் பேசிக்கொண்டே

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை நான்கு வாரங்கள். அண்ணனும் அக்காவும் வீட்டில் இருக்கும்போது, பாலர் பள்ளிக்குப் போகும் சின்னவர்களும் "எங்கே போகலாம்?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பொழுதுபோக வேண்டும் என்று கிளம்பும் இந்தச் சிறு உலாக்கள், அவர்களின் தமிழுக்கும் பெரிதும் கைகொடுக்கும்.

2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். பத்தாண்டுகளுக்கு முன்னர் அது 32.3 விழுக்காடு. அதே காலத்தில் தமிழ் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தது. வீட்டில் கேட்காத சொல்லைப் பிள்ளை வகுப்பறையில்தான் முதன்முதலில் சந்திக்கிறது. அப்போது அது பாடமாகிவிடுகிறது.

கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, மூக்கால் முகர்ந்த பொருளின் பெயர் பிள்ளை மனத்தில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். படத்தில் உள்ள உடும்பைவிட, பாதையின் குறுக்கே மெதுவாக நடந்துபோகும் உடும்பு மறக்காது.

எங்கே போகலாம்?

அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர்ப் பூமலையில் உள்ள ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டத்திற்கு அனுமதி இலவசம். மரவீடு, மணல்தொட்டி, தண்ணீர் விளையாட்டு எல்லாம் உண்டு. திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். இலை, காம்பு, மொட்டு, வேர், பட்டை என ஒரே செடியைச் சுற்றி எத்தனை சொற்கள்!

சுங்கை பூலோ சதுப்புநிலக் காட்டுக்கும் கட்டணமில்லை. நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது போனால் சேற்றில் துள்ளும் மீன்களையும் நண்டுகளையும் காணலாம். கொக்கு, மீன்கொத்தி, உடும்பு ஆகியவையும் அங்குண்டு. முதலைகளும் வாழும் இடம் என்பதால் பிள்ளையின் கையை விடக்கூடாது.

பீஷான்-அங் மோ கியோ பூங்காவில், முன்பு கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றுப் பகுதி இப்போது இயற்கையான ஆறாக ஓடுகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் கண்ணில் படும்.

தேக்கா சந்தையும் நல்ல இடம்தான். காலையில் பாட்டியுடன் ஒரு சுற்று வந்தால் முருங்கைக்காய், புடலங்காய், நெத்திலி, இறால் என்று கூடை நிறையச் சொற்கள். இங்கே பலரும் 'தெங்கிரி' என்று கேட்டு வாங்கும் மீனைப் பாட்டி 'வஞ்சிரம்' என்று சொல்லக்கூடும். இரண்டும் நம் வீட்டுச் சொற்களே.

எப்படிப் பேசலாம்?

"இது என்ன? தமிழில் சொல்லு" என்று கேட்டால் அது தேர்வாகிவிடும். நாமே முதலில் சொல்வோம்: "அங்கே பார், மீன்கொத்தி! அதன் அலகு எவ்வளவு நீளம்!" பிறகு சற்றுக் காத்திருப்போம்.

பிள்ளை "லுக், பிக் லிசர்ட்!" என்று கத்தினால் கண்டிக்க வேண்டாம். "ஆமாம், பெரிய உடும்பு! எங்கே போகுது பார்" என்று அதையே தமிழில் திருப்பிச் சொன்னால் போதும். தான் சொல்ல நினைத்ததற்கான தமிழ்ச் சொல் அந்த நொடியிலேயே அதன் காதில் விழும். வீட்டில் பேசும் பேச்சுத் தமிழே இதற்கு ஏற்றது.

பெற்றோருக்கே சில பெயர்கள் தெரியாமல் இருக்கலாம். "தெரியலையே, தாத்தாவிடம் கேட்போமா?" என்று அங்கிருந்தே தொலைபேசியில் அழைக்கலாம். தாத்தாவுக்கும் அது மகிழ்ச்சி.

ஒருமுறை கேட்ட சொல் விரைவில் மறந்துபோகும். அன்றிரவு சாப்பிடும்போது, "இன்னைக்கு என்ன பார்த்தோம்? அப்பாவுக்குச் சொல்லு" என்று தூண்டிவிடுங்கள். அடுத்த வாரம் அதே இடத்துக்கே மறுபடியும் போனாலும் நல்லதுதான். சிறு பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் சலிப்பில்லை.

எப்போது கிளம்பலாம்?

களைத்துப்போன பிள்ளையிடம் எந்த மொழியும் எடுபடாது. காலை 8 மணிவாக்கில் கிளம்பி, வெயில் ஏறும் முன் 10.30 மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது. முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வெயில் கடுமையாக இருக்கும். அந்நேரத்தில் நூலகத்தின் தமிழ்ப் படக்கதைப் பகுதிக்கோ கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்திற்கோ செல்லலாம். தொப்பி, தண்ணீர்ப் புட்டி, மாற்றுடை, குடை ஆகியவற்றை மறவாதீர்கள். ஜூன் மாதக் காலைகளில் திடீரெனக் காற்றும் மழையும் வருவதுண்டு.

0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகள், கட்டணம் செலுத்தும் பெரியவருடன் பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் இலவசமாகப் பயணம் செய்யலாம். அதைவிட உயரமான, 7 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குச் சலுகை அட்டை இருந்தால் அவர்களுக்கும் கட்டணமில்லை.

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு வார இறுதிகளே மிஞ்சும். வாரத்துக்கு ஒரு காலை, இரண்டு மணி நேரம், கைத்தொலைபேசி பைக்குள். ஒவ்வோர் உலாவிலும் ஐந்து புதிய சொற்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஜூலையில் பள்ளிக்குத் திரும்பும்போது பிள்ளையிடம் 20 சொற்கள் கூடியிருக்கும்.