சிவகாசிக் கல்லூரிகளில் விழாக்கள் தை பிறந்த பிறகே களைகட்டுவது ஏன்?

கல்லூரி திறந்த கையோடு மாணவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் ஒரு நாட்காட்டி இருக்கும். தேதி, கிழமை, கிழமைக்குப் பதில் வகுப்பு அட்டவணைக்காக 1 முதல் 6 வரை ஓடும் ‘டே ஆர்டர்’, ஓரத்தில் பொடி எழுத்தில் அன்றைய நிகழ்ச்சி. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் அந்த ஓரத்தை மட்டும் ஜூன் முதல் ஏப்ரல் வரை வாசித்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் புலப்படும். முதல் பருவத்தில் இருப்பவை பெரும்பாலும் உறுதிமொழி எடுக்கும் நாட்கள், பேரணிகள், மன்றத் தொடக்க விழாக்கள். மேடை, மைக், நடனம், சுழற்கோப்பை எல்லாம் பொங்கலுக்குப் பிறகுதான்.

முதல் பருவத்தில் வருபவற்றில் பல தேதி மாறாதவை. ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள். தமிழகம் முழுக்க அது கல்வி வளர்ச்சி நாள். விருதுநகருக்கோ வீட்டு விசேஷம். ஆகஸ்ட் 12 முதல் 18 வரை பல்கலைக்கழக மானியக் குழு சொல்லும் ராகிங் எதிர்ப்பு வாரம். செப்டம்பர் 24 நாட்டு நலப்பணித் திட்ட நாள். 1969-ல் அந்தத் தேதியில்தான் திட்டம் தொடங்கியது. இடையே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் ஆடிப்பூரத் தேருக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை போகும்.

செப்டம்பர் 5 மட்டும் இங்கே சற்றுக் கனமான நாள். ஆசிரியர் தினம்தான். ஆனால் 2012-ல் அதே தேதியில் சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து 30 பேருக்கும் மேல் இறந்தார்கள். இன்று முதலாம் ஆண்டு படிப்பவர்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோருக்கு அப்படி மறந்துவிடாது.

அப்புறம் தீபாவளி. 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20 என்று அது வருடத்துக்கு வருடம் நகரும். எந்தத் தேதியில் வந்தாலும் அதற்கு முந்தைய வாரங்களில் இந்த வட்டாரத்தில் வேறு வேலை ஓடாது. ஆடிப்பெருக்கிலிருந்தே ஊர் சூடேறத் தொடங்கிவிடும். அச்சகங்கள் அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான ஆல்பத்தை வெளியிடுவதும் அன்றுதான். பிறகு ஆர்டர், பேக்கிங், லாரி. கடை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் பில் போடக் கல்லாவில் உட்கார்ந்திருப்பார்கள். ஆலைக்குப் போகும் வீடுகளில் போனஸ் பேச்சு நடந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஆண்டு விழா வைத்தால் மேடையில் இருப்பவர்கள்தான் கீழேயும் இருக்க வேண்டும். தீபாவளி முடிந்த கையோடு பருவத் தேர்வு வந்து நிற்கும்.

தீபாவளி கழிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும், பிறகு பூஜை போட்டுத் திறக்கும். கல்லூரிகளில் டிசம்பரில் இரண்டாம் பருவம். காலண்டர்க் கட்டுகளும் வெளியூர் போய்விட, ஜனவரி நடுவில் ஊருக்கே கொஞ்சம் மூச்சு கிடைக்கும். கல்லூரி விழாக்கள் கூடுவது அந்த இடைவெளியில்தான்: பொங்கல் விழா, துறைகளின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள், விளையாட்டு விழா, ஆண்டு விழா. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் கிராம முகாமையும் பெரும்பாலும் இதற்குள்தான் நுழைப்பார்கள். பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலில் கொடியேறிவிட்டால் மறுபடியும் ஊர் கவனம் அங்கே போய்விடும். ஏப்ரலில் தேர்வு. ஆக, கைக்குக் கிடைப்பது சுமார் இரண்டு மாதம்.

தொழிலுக்கும் கல்லூரிக்கும் இவ்வளவு நெருக்கம் எப்படி வந்தது என்பதற்குப் பெயர்ப் பலகைகளே போதும். 1922-ல் சிவகாசியிலிருந்து தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போன இருவர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-ல் வந்தது. 1968-ல் வந்த மகளிர் கல்லூரியின் பெயரிலேயே ‘ஸ்டாண்டர்டு ஃபயர் ஒர்க்ஸ்’ இருக்கிறது. 1984-ல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் ‘மெப்கோ’ என்பது உலோகப் பொடி தயாரிக்கும் மெட்டல் பவுடர் கம்பெனி. காளீஸ்வரி கல்லூரி 2000-ல்தான் வந்தது. விருதுநகரில் வழி வேறு. வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்து ஊர்க் காரியம் பார்த்த ஊர் அது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை 1889-ல் அப்படி எழுந்தது. செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-ல் வந்தது, வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962-ல்.

தொழில் குடும்பங்களும் வியாபாரிகளும் கல்லூரி கட்டியதன் விளைவு மேடையில் தெரியும். சென்னை ஐ.ஐ.டி.யில் ‘மார்டி கிரா’ என்று நடந்து 1996-ல் ‘சாரங்’ ஆன விழாவை மாணவர்களே நடத்துகிறார்கள். இங்கே கல்லூரிக் குழுவின் தலைவர், செயலர், முதல்வர் என்று வரிசையாக நாற்காலி போட்ட பிறகுதான் நடனக் குழுவுக்கு இடம். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்புரை, பரிசு. கலை நிகழ்ச்சிக்கு மணி ஐந்தாகிவிடும். ஊர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் அதற்குள் பையைத் தோளில் மாட்டியிருப்பார்கள். விடுதிப் பிள்ளைகளுக்குத்தான் முழு விழா. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியவில்லை. அழைப்பிதழில் மட்டும் குறை சொல்ல முடியாது. அச்சுக்குப் பேர்போன ஊரின் பிள்ளைகள், தாளின் கனத்தைத் தொட்டே சொல்லிவிடுவார்கள்.

போட்டிகளில் கோலம், மெஹந்தி, மைம், குறும்படம், நாட்டுப்புற நடனம் எல்லாம் உண்டு. பட்டாசு ஊரில் ‘நெருப்பில்லா சமையல்’ போட்டிக்குத் தனிக் கூட்டம் சேர்வதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. பேச்சுப் போட்டிக்கும் தலைப்புப் பஞ்சம் கிடையாது. பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை, வெடிக்க இரண்டே மணி நேரம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த ஊர்ச் சோற்றுப்பானையைத் தொட்ட செய்தி. அதை மாணவர்கள் இரு தரப்பாக நின்று வாதாடினால் கேட்கலாம். கைப்பேசியால் நன்மையா தீமையா என்பதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கட்டும்.

வெளிக் கல்லூரிப் போட்டிக்குக் கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது தேதி. இங்குள்ள பெரிய கல்லூரிகள் பலவும் தன்னாட்சி பெற்றவை. உள்தேர்வுத் தேதியை அவரவரே வைத்துக்கொள்கிறார்கள். பக்கத்துக் கல்லூரியின் விழா நாளில் உங்கள் கல்லூரியில் தேர்வு இருக்கலாம். அடுத்தது ‘ஓ.டி.’, அதாவது வெளியே போன நாளையும் வருகையாகக் கணக்கிடும் ‘ஆன் டியூட்டி’. துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டையும் இல்லாமல் போனால் அங்கே பெயர் பதிய மாட்டார்கள், இங்கே வருகைப்பதிவும் போய்விடும். தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாளுக்கு மேல் தவறவிட முடியாது. திரும்பி வந்ததும் பங்கேற்புச் சான்றிதழின் நகலைத் துறையில் கொடுத்து, பதிவேட்டில் ‘ஓ.டி.’ ஏறியதா என்று பார்த்துவிடுவது நல்லது.