பாவித்த கணினி வாங்கப் போகிறீர்களா?

சில்லறைக் கடையில் பற்றுச்சீட்டு அடிக்கவும் இருப்புக் கணக்கு வைக்கவும் புத்தம் புதிய கணினி அவசியமில்லை. அதற்காக வட்டிக்குத் தவணை போடுவதை விட, கம்பனிகள் பாவித்துக் கழித்த டெல், எச்.பி. மேசைக் கணினியொன்றைக் கைக்காசுக்கு வாங்கலாம்.

விலையைப் பேசுமுன் புரொசெஸர் எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கும். ஐ5-8500 என்றால் 8ஆம் தலைமுறை; ஐ5-4570 என்றால் 4ஆவது. 'ஐ7' ஸ்டிக்கரைக் காட்டிப் பழசைத் தள்ளிவிடுவோர் உண்டு. 4ஆம் தலைமுறை ஐ7ஐ விட 8ஆம் தலைமுறை ஐ3 கடைக்கு உகந்தது.

ரேம் 8 ஜீ.பி. இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. கேளுங்கள், வேகத்தின் வித்தியாசம் அன்றே தெரியும். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் கூடாதுதான், என்றாலும் உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

மிஞ்சும் பணத்தில் முதலில் ஒரு யூ.பி.எஸ். மின்சாரம் போனால் கணக்கைச் சேமித்துவிட்டு நிறுத்தப் பத்து நிமிடம் கிடைத்தாலே போதும்.