சிறுபாணன் வந்த கடற்கரை

மரக்காணத்துப் பிள்ளைகளிடம் பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை என்று சொன்னதுமே ஒரு கேள்வி வரும். "சிறுபாணன்னா சின்னப் பையனா சார்?" தமிழாசிரியராக இருந்த காலமெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். நல்ல கேள்வி. பாணனுக்கு வயதாகியிருக்கும், ஊர் ஊராய் நடந்து கால் தேய்ந்திருக்கும். புலவரே அவனை 'முதுவாய் இரவல' என்றுதான் கூப்பிடுகிறார். அப்படியானால் சிறியது எது? அவன் கையிலிருக்கும் யாழ்.

பண் பாடுகிறவன் பாணன். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பாணர்களை இசைப்பாணர், யாழ்ப்பாணர், மண்டைப்பாணர் என்று பிரிக்கிறார். மண்டை என்றதும் நமக்குத் தலைதான் நினைவுக்கு வரும். அவர் சொல்வது இரந்துண்ணும் கலத்தை. யாழ்ப்பாணரில் பேரியாழ் வாசித்தவர் பெரும்பாணர், சீறியாழ் வாசித்தவர் சிறுபாணர். பேரியாழுக்கு 21 நரம்பு. சீறியாழ் என்று கருதப்படும் செங்கோட்டியாழுக்கு 7.

இன்னொரு விளக்கமும் உண்டு. பெரும்பாணாற்றுப்படை 500 அடி, சிறுபாணாற்றுப்படை 269 அடி. நீளத்தை வைத்துத்தான் பெரிது, சிறிது என்றார்கள் என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பாட்டின் 35ஆம் அடியிலேயே பாணன் சீறியாழை இடப்பக்கம் தழுவிக்கொண்டு பாலைப் பண் வாசிக்கிறான். புலவர் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு அடிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவனோடு சுற்றம் வரும், விறலியர் ஆடுவார்கள். ஆனாலும் ஏழு நரம்பை மீட்டித் தன் ஒரு குரலில் பாட்டை எடுக்க வேண்டியவன் அவன்தான். அன்று அந்தக் குரல் எடுபடாவிட்டால் அத்தனை பேருக்கும் பட்டினி.

  

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். பாட்டின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவன் தலைநகர் கிடங்கில். இன்றும் திண்டிவனத்தில் கிடங்கல் என்ற பகுதி இருக்கிறது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே, கழிக்கு அந்தப் பக்கம். பரிசு பெற்ற பாணன் ஒருவன், பெறாத பாணனுக்கு வழி சொல்கிறான். அந்த வழியில் முதலில் வருவது ஒரு பட்டினம். அதன் பெயரைப் புலவர் நேராகச் சொல்லவில்லை; மதிலோடு பெயர் கொண்ட பட்டினம் என்று மட்டும் குறிப்புக் கொடுக்கிறார். மதிலுக்கு இன்னொரு சொல் எயில். ஆகவே அது எயிற்பட்டினம். அது மரக்காணம்தான் என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமிக் குறிப்பு நூலான பெரிப்ளுஸ், இந்தக் கரையில் சோபட்மா என்ற துறைமுகத்தைச் சொல்கிறது. 'சோ' என்றாலும் தமிழில் மதில், அரண். சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றே என்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். நத்தத்தனார் போட்ட புதிருக்கு, கடல் தாண்டி வந்தவன் விடை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்!

அந்தப் பட்டினத்தில் பாணனுக்குக் கிடைத்த உபசாரம் இன்னும் அழகு. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள் மணலில் ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோலக் கிடக்கின்றன. நுளையர் வீட்டுப் பெண் அதையே விறகாக எரித்து அரித்தெடுத்த தேறலைப் பரதவர் கொடுக்கிறார்கள். கூடவே சுட்ட குழல்மீன். பெயர் தெரியாத பாட்டுக்காரனுக்கு இந்தக் கரை முதலில் போட்ட சாப்பாடு அது.

ஒன்று மட்டும் என்னை விடவே இல்லை. நல்லியக்கோடனைப் பார்க்கும் முன் பாணன் வீடு எப்படி இருந்தது? இடிந்த அடுக்களையில் காளான் முளைத்திருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் பால் வற்றிய தாய் நாயை இழுக்கின்றன. கிணைப்பறை கொட்டும் கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, அறியாதவர் பார்த்துவிடக் கூடாதே என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். கையில் யாழ் இருக்கிறது, வீட்டில் உப்பு இல்லை. நான் உப்பளத்தில் உப்பு வாரியவர்கள் வீட்டுப் பிள்ளை. மழை பிடித்துப் பாத்தியெல்லாம் கரைந்துபோனால் மாதக்கணக்கில் வேலை இல்லாமல் கிடந்த வீடுகளைத் தெரியும். வறுமையைவிட, அதை அடுத்தவர் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம் பெரிது என்பதும் தெரியும். அந்தக் கதவை அப்படியே எழுதி வைத்த நத்தத்தனாரைப்போல் ஏழை வீட்டை அறிந்த புலவர் அரிது.

ஓலைச்சுவடியில் கிடந்த இந்தப் பாட்டு, உ.வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டின் வழியே நம் கைக்கு வந்தது. மரக்காணம், இடைக்கழிநாடு, திண்டிவனம் வட்டாரத்து ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: பாடத்திட்டத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு நாள் இந்த 269 அடிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து உரக்கப் படியுங்கள்.