பசித்தவளுக்கு ஒரு வாய் ரத்தம்

கோஸ்டாரிகாவில் ஒரு பெரிய மரத்தின் பொந்து. விடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. உள்சுவரில் பத்துப் பன்னிரண்டு வௌவால்கள் தலைகீழாகத் தொற்றிக்கொண்டிருக்கின்றன. கடைசியாக ஒருத்தி வந்து சேர்கிறாள். வயிறு ஒட்டிக் கிடக்கிறது. இன்று வேட்டை வாய்க்கவில்லை. பக்கத்தில் தொங்குபவள் அவளை முகர்ந்து பார்க்கிறாள், ரோமத்தை நக்கிக் கோதிவிடுகிறாள். பிறகு தன் வயிற்றில் இருக்கும் ரத்தத்தை வாய்க்குக் கொண்டுவந்து, அவளைக் குடிக்க விடுகிறாள்.

அருவருப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். ‘விலங்குகளுக்கு அறம் உண்டா?’ என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பொந்துதான்.

இந்த வாம்பயர் வௌவாலின் எடை முப்பது, நாற்பது கிராம். ஒரு கோழிமுட்டை இதைவிடக் கனமானது. தூங்கும் மாட்டின் தோலுக்கடியில் எந்த இடத்தில் சூடான ரத்தம் ஓடுகிறது என்பதை இதன் மூக்கே உணர்ந்து சொல்லிவிடும். கத்திபோன்ற பல்லால் ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான். எச்சிலில் உள்ள ஒரு புரதம் ரத்தத்தை உறையவிடாது. அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் டிராகுலின், குறும்புக்காரர்கள். அரை மணி நேரத்தில் தன் எடையில் பாதியளவு குடித்துவிடும். அறுபது கிலோ ஆள் ஒருவர் ஒரே மூச்சில் ஒன்றரை கேன் தண்ணீரைக் காலி செய்வதுபோல. அந்தக் கனத்தோடு பறப்பது எப்படி? சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே வேண்டாத தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றத் தொடங்கிவிடும்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் பிழைப்பு நித்திய கண்டம்தான். ரத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி புரதம். கொழுப்பும் மாவுச்சத்தும் பேருக்குத்தான். அதனால் உடம்பில் சேமிப்பு என்று எதுவும் சேராது. தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் பட்டினி என்றால் மரணம். கோஸ்டாரிகாவில் இவற்றைக் கவனித்த அமெரிக்க உயிரியலாளர் ஜெரால்ட் வில்கின்சன், இரண்டு வயது நிரம்பாதவை மூன்று இரவுக்கு ஓர் இரவு வெறும் வயிற்றோடு திரும்புவதைக் கண்டார். அனுபவசாலிகளும் நூறு இரவில் ஏழு இரவு கோட்டைவிடுகிறார்கள்.

இங்கேதான் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. வயிறு நிறைந்த வௌவாலின் எடை வேகமாகக் குறையும். பட்டினி நீள நீள, குறையும் வேகம் தணியும். ஆகவே அதே ஒரு வாய் ரத்தம், கொடுப்பவளிடமிருந்து பறிக்கும் நேரம் கொஞ்சம், பெறுபவளுக்கு நீட்டித் தரும் ஆயுள் அதிகம். பர்ஸில் ஐந்நூறு ரூபாய் வைத்திருப்பவருக்குப் பத்து ரூபாய் ஒரு பொருட்டில்லை. பஸ் டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய் குறைகிறவருக்கோ, வீடு போய்ச் சேர்வதே அதில்தான் இருக்கிறது.

இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு என்று நடக்கும் இந்த உதவியைக் ‘கைம்மாறுப் பொதுநலம்’ எனலாம். உறவல்லாத உயிர்களிடையேயும் இது தழைக்க முடியும் என்று உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் 1971இல் வாதிட்டார். 1984இல் வில்கின்சன் இந்த வௌவால்களை அதற்கு உதாரணமாக முன்வைத்தார். உடனே ஒரு நியாயமான சந்தேகம் கிளம்பியது. பொந்தில் தாயும் மகளும் சேர்ந்துதானே வாழ்கிறார்கள்? இது வெறும் ரத்தபாசமாக இருக்கக்கூடாதா?

ஜெரால்ட் கார்ட்டர் (இவரும் ஜெரால்ட்தான்) வில்கின்சனோடு சேர்ந்து இதைக் கூண்டில் சோதித்தார். ஒரு வௌவாலை ஒரு நாள் பட்டினி போட்டு, பிறகு கூட்டத்தில் விடுவது. யார் வாயை யார் எவ்வளவு நேரம் நக்கினார்கள் என்று நொடிக்கணக்கில் குறித்துக்கொள்வது. பொறுமையைச் சோதிக்கும் வேலை. 2013இல் முடிவு வந்தது. யார் யாருக்குக் கொடுப்பார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்வதில், உறவைவிட ‘முன்பு யாரிடம் பெற்றார்கள்’ என்பது எட்டரை மடங்கு முக்கியமாக இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. பெரும்பாலும் பசித்தவள் வந்து கெஞ்சுவதில்லை, கொடுப்பவளே தேடிப்போகிறாள். ஆக, நச்சரிப்பு தாங்காமல் கொடுத்ததாகவும் சொல்ல முடியாது.

முன்பின் தெரியாதவர்கள் எப்படி நட்பாகிறார்கள்? பனாமாவில் வெகுதூர இடைவெளியுள்ள இரண்டு இடங்களிலிருந்து வௌவால்களைப் பிடித்து ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படித்தபோது எனக்குப் புது வாடகை வீட்டில் குடியேறிய நாட்கள் ஞாபகம் வந்தன. வௌவால்கள் எடுத்த எடுப்பில் ரத்தம் கொடுப்பதில்லை. முதலில் ரோமம் கோதிவிடுவது மட்டும். அதில் செலவு குறைவு, ஏமாந்தாலும் நஷ்டமில்லை. கோதுதல் கூடிக்கூடி வந்த ஜோடிகளில்தான் ஒருநாள் ரத்தமும் பரிமாறப்பட்டது. நாமும் முதல் வாரம் சிரிப்போடு நிறுத்திக்கொள்கிறோம். பிறகு கறிவேப்பிலை, பிறகு ஒரு டம்ளர் சர்க்கரை, பல மாதம் கழித்துத்தான் வீட்டுச் சாவி.

கூண்டுச் சிநேகம் கூண்டோடு முடிந்துவிடுமோ? சுமார் இரண்டாண்டு அடைபட்டிருந்தவற்றின் முதுகில் மிகச் சிறிய உணரிக் கருவியை ஒட்டிக் காட்டில் விட்டார்கள். எங்கு வேண்டுமானாலும் போகலாம், யாரோடு வேண்டுமானாலும் தொங்கலாம். ஆனாலும் பல ஜோடிகள் பழைய தோழியையே நாடின.

அப்படியானால் அவற்றின் மூளைக்குள் ஒரு மொய் நோட்டு இருக்கிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரவு செலவு வரிவரியாகப் பதிவாகியிருந்தால், ஒருமுறை கொடுக்கத் தவறியவளுக்கு அடுத்த முறை கிடைக்காமல் போக வேண்டும்; நீண்டகால ஜோடிகளிடம் அந்தக் கறார் தெரிவதில்லை. கணக்கை ஒரு பிடிப்பு, ஒரு பிரியம் பார்த்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன். மனிதர்களும் அப்படித்தானே? கல்யாண மொய்யை நோட்டில் எழுதுகிறோம். நெருங்கிய சிநேகிதன் ஆஸ்பத்திரியில் கட்டிய பணத்தை எழுதி வைப்போமா? அவன் எழுதி வைத்திருப்பது தெரிந்தால் மனசு சுருங்கிவிடும்.

ஆனால் இதை அறம் என்றே சொல்லிவிட எனக்குத் தயக்கம் இருக்கிறது. யாரோ ஒருவர் இன்னொருவரை ஏமாற்றினால், சம்பந்தமே இல்லாத நாம் டீக்கடையில் உட்கார்ந்து கொதிக்கிறோம். அந்த மூன்றாம் மனிதரின் கோபம் மனித அறத்தின் பாதி. வௌவாலின் உலகம் நீயும் நானும் என்ற அளவில் நின்றுவிடுகிறது. பொந்துக்குப் பஞ்சாயத்து கிடையாது.

இருந்தும் பனாமா ஆய்வின் வௌவால் கூட்டத்தில் நடந்த ஒரு சம்பவம் என்னை விடுவதாயில்லை. லிலித் என்று பெயரிடப்பட்ட தாய், குட்டி ஈன்று சுமார் மூன்று வாரத்தில் இறந்துபோனது. பிடி என்று அழைக்கப்பட்ட இன்னொரு பெண் வௌவால் லிலித்துக்குச் சொந்தமில்லை. கூண்டுக்கு வந்த பிறகு பழகிய, ரத்தம் பகிர்ந்துகொண்ட தோழி. குட்டியை அது எடுத்து வளர்த்தது. பிடி அப்போது சினையாகக்கூட இல்லை. ஆனாலும் அதற்குப் பால் சுரந்திருந்தது.