சோதனைக்கூடத்தில் நம் விவரங்கள்

பிழைப்பை நாடி வேறு மாநிலத்தில் குடியேறிய நம்மவர், வந்த புதிதில் எத்தனை படிவங்களைப் பூர்த்தி செய்திருப்பர்! வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, எரிவாயு இணைப்பு, குழந்தையின் பள்ளிச் சேர்க்கை என்று அது நீளும். 2019-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி 2022 ஜூன் திங்களில் நாடு முழுவதும் பரவிய 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' ஏற்பாட்டினால், தமிழ்நாட்டில் பெற்ற அட்டையைக் கொண்டு சூரத்திலும் தில்லியிலும் தானியம் வாங்க இயலுகிறது. இவ்வசதிகளின் பின்னே நம் விவரங்கள் கணிப்பொறிகளில் சேர்ந்துள்ளன என்பதை நேயர்கள் அறிவர். அவற்றின் பிரதிகள் வேறோரிடத்திலும் இருக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

அவ்விடம் சோதனைக்கூடம். கணிப்பொறியை இயக்கும் மென்பொருளில் ஒரு சிறு மாற்றம் செய்தாலும், அதை மக்களின் உபயோகத்துக்கு விடுமுன் ஒத்திகை பார்த்தாக வேண்டும். ஒத்திகைக்கு விவரங்கள் வேண்டும். அசல் ஏட்டை அப்படியே நகல் எடுத்துக்கொள்வதே எளிய வழி. ஆனால் அசல் ஏட்டுக்குள்ள காவல் நகலுக்கு இருப்பதில்லை. ஒப்பந்த ஊழியர், பயிற்சிக்கு வந்தோர், வெளி நிறுவனத்தார் எனப் பலரும் அங்கே புழங்குவர். ஒரே கடவுச்சொல்லைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. பெட்டகத்தைப் பூட்டிவிட்டு அதிலுள்ள பத்திரங்களின் நகலைத் திண்ணையில் பரப்பி வைப்பது போன்றதே இது.

இதற்குப் பரிகாரமாக அமைந்ததே 'டேட்டா மாஸ்கிங்' என்னும் முறை. இதனை 'முகமூடியிடல்' என்று பெயர்ப்பாரும் உளர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, 'வேடம் புனைதல்' என்பதே பொருத்தமாகப் படுகிறது. கூத்தில் வேடம் புனைந்தவன் யாரென்று தெரிவதில்லை. எனினும் அவன் ஆடுவான், பாடுவான், கதை தடையின்றி நடக்கும். மாற்றிய விவரமும் அவ்வாறே நடிக்க வேண்டும்.

ஆதார் எண்ணையே எடுத்துக்கொள்வோம். அதில் 12 இலக்கங்கள் உண்டு. முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இராது. கடைசி இலக்கம், முன்னுள்ள பதினொன்றையும் கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு இலக்கம். மனம்போனபடி எண்களை இட்டு நிரப்பினால் மென்பொருள் அவற்றை வாயிலிலேயே தள்ளிவிடும், சோதனையும் நடவாது. ஆகவே கணக்குக்கு ஒத்ததாயும், உண்மையில் ஒருவருக்கும் உரியதல்லாததாயும் மாற்று எண் அமைதல் வேண்டும். மேலும், ஒருவரது எண் ரேஷன் ஏட்டில் ஒரு மாற்றும் வங்கி ஏட்டில் வேறு மாற்றும் பெற்றால் இரண்டும் இணையமாட்டா. எங்கு வரினும் ஓர் எண்ணுக்கு ஒரே மாற்றுத்தான்.

பெயர்களில் சங்கடம் இன்னும் மிகுதி. நம்மவர்க்கு எழுத்து முன்னே, பெயர் பின்னே. குடும்பப் பெயர் என்பதில்லை. வடபுலத்துப் படிவமோ குடும்பப் பெயரின்றி நகராது. தந்தை பெயரை அங்கே இட்டு நிரப்பி, பின்னர் ஓர் அட்டையில் ஒருவிதமாயும் மற்றோர் அட்டையில் வேறு விதமாயும் பெயர் நின்று, அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் நம்மிடையே ஏராளம். வருமான வரித் துறையின் பான் எண்ணிலும் ஐந்தாம் எழுத்து, தனி நபராயின், குடும்பப் பெயரின் முதலெழுத்தன்றோ! சோதனைக்கு வந்த பெயர்களையெல்லாம் 'ரமேஷ் குமார்' என்ற வார்ப்பிலேயே மாற்றிவிட்டால், ஓரெழுத்து முன்னொட்டுள்ள பெயரைக் கண்டு மென்பொருள் தடுமாறுமா என்பது சோதனையில் வெளிப்படாது. முனியாண்டியின் மகன் உண்மையாகவே வரிசையில் நிற்கும்போதுதான் அது வெளிப்படும். எழுத்துக்கு எழுத்து, நீளத்துக்கு நீளம் என்று பெயரின் வடிவத்தைக் காத்து ஆளை மறைப்பதே நல்ல மறைப்பு.

தொலைபேசி எண்ணை ஒருவழிக் கணக்கினால் குழப்பி எழுதிவிட்டால் போதுமென்று கருதுவோர் உண்டு. நாம் அதனை ஏற்பதற்கில்லை. நம் நாட்டுக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில் தொடங்கும் பத்திலக்க எண்கள். ஆக, மொத்தமே 400 கோடிக்கு மேற்படா. இரகசியத் திறவுகோல் ஏதும் சேர்க்காவிடில், அத்தனைக்கும் அதே கணக்கைச் செய்து ஒப்பிட்டு அசல் எண்ணைக் கண்டுவிடுதல் கணிப்பொறிக்குப் பெரும்பாடன்று.

பெயரையும் எண்ணையும் நீக்கினாலும் ஆள் முற்றும் மறைவதில்லை. 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியரின் மருத்துவ விவரங்களைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்கு வழங்கினர். லதான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி, அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பால் என்னும் மூன்றை மட்டும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவக் குறிப்பையே கண்டெடுத்தார்.

இது நமக்கு மிகவும் உறைக்க வேண்டிய செய்தி. மதுரையில் 'தாய்மொழி: தமிழ்' என்றால் அது எவரையும் காட்டாது. இமயமலைச் சாரலில் ஒரு சிறு பட்டணத்தில், தாய்மொழி தமிழ், தொழில் செவிலி என்றிருந்தால், பெயர் எதற்கு? கடைத்தெருவில் விசாரித்தாலே வீட்டைக் காட்டிவிடுவர். அவருடைய கடனோ நோயோ சோதனைக்கூடத்தில் எவர் கண்ணிலாவது பட்டால் ஊர் முழுதும் பரவ எத்தனை நாழிகை ஆகும்? சிறுபான்மையாய் வாழ்வோர்க்கு மொழியும் சொந்த மாவட்டமுமே அடையாளம். எனவே தனித்துத் தெரியும் வரிகளைப் பெருங்கூட்டத்தோடு கலக்க வேண்டும். மாவட்டத்தை மாநிலமாக விரிப்பதும், பிறந்த தேதியைச் சில நாள் முன்பின்னாக நகர்த்துவதும் உதவும். அறுபது வயதில் கிடைக்கும் சலுகை போன்றவற்றைச் சோதிப்பதற்கு, முற்றிலும் கற்பனையான ஆட்களைத் தனியே படைத்துக்கொள்வதே மேல்.

'குறிப்புகள்' என்னும் கட்டத்தையும் மறத்தலாகாது. அலுவலர் அதில், 'மகளின் எண்ணில் அழைக்கவும்' என்று எழுதி எண்ணையும் இட்டிருப்பார். எந்தச் சூத்திரத்துக்கும் எளிதில் அகப்படாத இக்கட்டத்தை வெறுமையாக்கி அனுப்புவதே உத்தமம்.

மறைப்பு வேலை அசல் ஏட்டின் காவலுக்கு உள்ளேயே நடைபெற வேண்டும். சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோன பின்பு மறைத்துக்கொள்ளலாம் என்றால், இடைவழியில் எடுத்த பிரதிகள் எங்கெங்கோ தங்கிவிடும். 2023-இல் இயற்றப்பெற்ற எண்முறைத் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்புச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வகை செய்கிறது. ஆதார் நகல் கேட்கும் இடங்களில், முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் நகலையும் ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து நாமே பெற்றுக்கொள்ளலாம். முழு எண் கட்டாயமில்லாத இடங்களில் அதனையே கொடுக்கலாம்.