சுருக்கலாம், எழுத்தைத் தொலைக்கலாமா?

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க இங்குள்ளோருக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அதனால்தான் இங்கே பல குடும்பங்களில் பாட்டனாரின் பிறப்புச் சான்றுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. அதில் ஓர் எழுத்து, ஓர் எண் மாறினாலும் சிக்கல்தான். நம் ஜமாஅத்துகளின் நிகாஹ் பதிவேடுகளும் அப்படித்தான்.

இத்தகைய ஆவணங்களுக்குச் செயலி உருவாக்கும் நம் இளைஞர்கள், இடத்தை மிச்சப்படுத்தத் தரவுச் சுருக்கத்தைச் சேர்க்கிறார்கள். நல்லதே. ஆனால் சுருக்கம் இரு வகை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

முதலாவது, இழப்பில்லாச் சுருக்கம். திரும்பத் திரும்ப வரும் பகுதியை மீண்டும் எழுதாமல், 'முன்பு வந்ததே' என்று குறித்துக்கொள்ளும் முறை. லெம்பெல், ஸிவ் இருவரும் 1977-ல் வெளியிட்டது. ஸிப் கோப்புகளின் அடிப்படை இதுவே. விரித்தால் மூலம் அப்படியே கிடைக்கும். தமிழுக்கு இது மிகவும் உதவும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். 'பள்ளிவாசல்' என்ற ஒரு சொல்லுக்கே 30 பைட். அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றே. இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். எனவே நன்றாகச் சுருங்கும்.

இரண்டாவது, இழப்புச் சுருக்கம். ஜேபெக் படமும் எம்பி3 ஒலியும் இவ்வகை. கண்ணும் காதும் கவனிக்காதவற்றை நீக்கிவிடும். நீக்கியது திரும்ப வராது.

ஆபத்து எங்கே? 2013-ல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவன இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது, அறைகளின் பரப்பளவு எண்களே மாறியிருந்தன. ஒன்றுபோல் தோன்றும் வடிவங்களை ஒன்றாகவே கருதும் ஜேபிக்2 சுருக்கத்தின் விளைவு அது. 6 இருந்த இடத்தில் 8 வந்தது. மங்கலாக இருந்தால் சந்தேகப்படுவோம். தெளிவாக இருக்கும் தவறான எண்ணை யார் சந்தேகிப்பார்?

எனவே செயலியில் இவற்றைக் கடைப்பிடிப்போம்:

பெயர், தேதி, மஹர் போன்ற எழுத்துத் தரவுகளுக்கு ஜிஸிப் போன்ற இழப்பில்லா முறையே வேண்டும். ஜாவாவிலும் பைத்தானிலும் இது கூடவே வருகிறது.

ஆவணப் படத்தின் மூலக் கோப்பை மாற்றாமல் வைத்துவிட்டு, திரையில் காட்ட மட்டும் சிறிய நகலைப் பயன்படுத்தலாம்.

ஜேபெக், எம்பி3 கோப்புகளை மீண்டும் ஸிப் செய்வதில் பெரிய பயன் இல்லை.

மறையாக்கம் செய்வதாக இருந்தால், அதற்கு முன்பே சுருக்க வேண்டும். மறையாக்கிய தரவு சுருங்காது.

சுருக்கியதை விரித்து, மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று ஷா-256 கொண்டு சரிபார்த்த பிறகே பழையதை அழிக்க வேண்டும்.

செயலி இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: வாட்ஸ்அப்பில் சான்றிதழை அனுப்பும்போது 'போட்டோ'வாக அல்லாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

பிறருடைய ஆவணம் நம் கையில் உள்ள அமானிதம். அதை வாங்கியபடியே திருப்பித் தருவது நம் பொறுப்பு.