ஓவியத்தில் ஒளியும் நிழலும்

ஓவியம் பயிலப் புகுவார் பலரும் முதற்கண் விரும்புவது வண்ணமே. வண்ணப்பெட்டி கைக்கு வந்தவுடன் சிவப்பை எங்கே இடுவது, நீலத்தை எங்கே இடுவது என்னும் எண்ணமே உள்ளத்தில் மேலோங்கி நிற்கும். எனினும், தட்டையான தாளின்மீது ஒரு பொருளைத் திரண்டெழச் செய்வன ஒளியும் நிழலுமே. இவ்வுண்மை பல தாள்கள் வீணான பின்னரே விளங்குகின்றது. யாமும் அவ்வாறு பிழைத்துத் திருந்தியவரே யாதலின், எமக்கு விளங்கிய சிலவற்றை ஈண்டு நம் கல்லூரி அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

சன்னலோரத்தில் ஒரு மண்குடத்தை வைத்து அதனை எழுத முயன்றதே எமது முதற் பயிற்சி. குடத்தின் ஒரு பக்கம் வெளிச்சம் பட்டு விளங்கிற்று. மற்றைப் பக்கம் இருண்டிருந்தது. இருண்ட பக்கத்திற்குரியது கருமையே யென்று துணிந்து, கரிய வண்ணத்தை விளிம்பு வரையிற் பூசினோம். குடத்தையோ தாளின் நட்டநடுவே, நான்கு ஓரங்களையும் தொடுமளவு பெரிதாக நிறுத்தினோம். எழுதி முடித்து எட்ட நின்று நோக்கியபோது, அது குடமாகத் தோன்றவில்லை. பாதி கரிந்த தோசையாகத் தோன்றிற்று! கோடுகள் யாவும் செவ்வனே அமைந்திருந்தன. பிழை எங்கே யென்பதுதான் புலப்படவில்லை. நாணத்தால் அத்தாளை ஒருவர் கண்ணிலும் படாது மறைத்து வைத்தோம்.

மறுநாள் அதே குடத்தின் முன் அமர்ந்து, தூரிகையைத் தொடாமல், நெடுநேரம் நோக்கியிருந்தோம். அப்பொழுதுதான் குடம் எமக்குக் கற்பிக்கத் தொடங்கியது. உருண்ட பொருளொன்றின்மேல் ஒரு புறத்தினின்று ஒளி விழுங்கால் ஐந்து நிலைகள் தோன்றும். ஒளியை நேரே ஏற்கும் பகுதி முதலாவது. மேற்பரப்பு வளைந்து விலக விலக, வெளிச்சம் படிப்படியாய் மங்கும் இடைப்பகுதி இரண்டாவது. நேரொளி சிறிதும் எட்டாத இருட்பட்டை மூன்றாவது. அப்பட்டைக்கு அப்பால் விளிம்பை யடுத்து, தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பிய ஒளியால் மீண்டும் ஒரு மெல்லிய வெளிச்சம் தோன்றும், இது நான்காவது. பொருள் தரைமீது வீழ்த்தும் நிழல் ஐந்தாவது. இவ்வைந்தாம் நிழலின் எல்லை, பொருளின் அடியிற் கூர்மையாகவும், அகலச் செல்லுந்தோறும் மங்கலாகவும் இருக்கும். சன்னல் ஒரு புள்ளியாகாது அகன்ற பரப்பாக இருத்தலே இதற்குக் காரணம்.

எம் பிழை இப்பொழுது விளங்கிற்று. மிக்க இருள் இருந்தது விளிம்பிலன்று. விளிம்புக்குச் சற்று உள்ளே. யாமோ விளிம்பிற் கிடந்த திரும்பொளியைக் கரியால் அழித்துக் குடத்தின் பின்புறத்தை வெட்டி யெறிந்துவிட்டோம். இத்தாலியப் பேரோவியர் லியனார்டோ டா வின்சி (1452–1519) தம் குறிப்பேடுகளில் இத்திரும்பொளியை விரிவாக ஆராய்ந்துள்ளார். நம் பழந்தமிழிலும் நிழல் என்னுஞ் சொல்லுக்கு ஒளி என்னும் பொருளும் உண்டு. அகராதியில் மட்டும் கற்ற அப்பொருளின் நயத்தை அன்றுதான் கண்ணாற் கண்டோம். நிழல் வெறும் இருளன்று. தன்னுள்ளே ஒளியைத் தாங்கி நிற்பது.

இன்னுமொன்று கருதற்பாலது. எத்துணை வெள்ளிய வண்ணமும் சன்னலின் ஒளிக்கு ஈடாகாது. ஆகவே, இயற்கையின் ஒளியை உள்ளவாறே தாளில் இறக்குதல் எவர்க்கும் இயலாது. ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் உள்ள வேறுபாட்டின் முறையையே காத்தல் கூடும். அதனைக் காண்டற்கு எளிய வழி, கண்களைப் பாதி மூடி நோக்குதலே. அங்ஙனம் நோக்கின், சிறு நுணுக்கங்கள் மறைந்து, ஒளித்தொகுதியும் நிழற்றொகுதியும் இரண்டு மூன்று பெரும் பரப்புகளாய்ப் பிரிந்து நிற்கும். அவற்றைத் தாளில் எங்கே, எவ்வளவில் அமைப்பது என்பதே படத்தின் அமைப்பாகும். பேரொளியும் பேரிருளும் அடுத்து நிற்கும் இடத்திற்கே காண்பார் கண் முதலிற் செல்லும். எனவே, ஒளியை வைப்பவன் காண்பாரது கண்ணை நடத்துபவ னாகின்றான்.

இவ்வித்தையில் தலைசிறந்தவருள் ஒருவர் ஹாலந்து நாட்டு ரெம்பிராந்து. அவர் 1606-இல் லெய்டன் நகரிற் பிறந்து 1669-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மறைந்தவர். ஏறத்தாழ 1628-இல், தமக்கு இருபத்திரண்டு வயதளவில், அவர் தம் முகத்தையே கண்ணாடியில் நோக்கிச் சிறு பலகையொன்றில் எழுதினார். வெளிச்சம் கழுத்திலும் கன்னத்தோரத்திலும் விழுகின்றது. காண்பார் முதலில் நாடும் கண்களோ நிழலில் ஆழ்ந்துள்ளன. சற்று உற்று நோக்கியபின்னரே அவை நம்மைப் பார்த்துக்கொண் டிருத்தலை யறிகின்றோம். சுருண்ட மயிரிழைகளை, ஈரம் புலராத வண்ணத்தில் தூரிகையின் பின்முனையாற் கீறிக் காட்டியுள்ளார். முதன்மையானதை நிழலில் விடும் துணிவு அவ்விளம் பருவத்திலேயே அவர்க்கு வாய்த்திருந்தது.

1642-இல் அவர் ஆம்ஸ்டர்டாம் ஊர்க்காவற் படையினரின் மன்றத்திற்கென எழுதி முடித்த பெரும் படம் இன்று ‘இராக்காவல்’ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படுகின்றது. கரிய உடையும் செந்நிறக் குறுக்குப்பட்டையும் அணிந்த தலைவர் முன்னே வருகின்றார். அவர் அருகே மஞ்சளுடை அணிந்த துணைத்தலைவர்மீது வெளிச்சம் பொழிகின்றது. பின்னே ஒரு சிறு பெண்ணின் பொன்னிற ஆடைமீது மற்றொரு வெளிச்சம். இவ்விரு ஒளிகளுக்கும் இடையே நிற்றலால் தலைவரின் கருமையே ஓங்கித் தோன்றுகின்றது. அவர் நீட்டிய கையின் நிழல் துணைத்தலைவரின் மேலாடைமீது விழுகின்றது. ஒளி மேலே இடப்புறத்தினின்று வருதலையும், அக்கை நம்மை நோக்கி நீண்டிருத்தலையும் அந்நிழலொன்றே உணர்த்தி விடுகின்றது. வீரர் பலர் தத்தம் உருவத்திற்கெனப் பொருள் கொடுத்தவர். ஆயினும் சிலரை அரையிருளில் நிறுத்தவும் ஓவியர் தயங்கினாரல்லர்.

இப்படத்திற்குப் பின்னர் நேர்ந்தது பயில்வார் அறியத்தக்கது. 1715-இல் இதனை நகர மன்றத்திற்கு மாற்றியபோது, அங்கிருந்த சுவரில் அடங்கும்பொருட்டு நான்கு ஓரங்களையும் வெட்டினர். இடப்புறத்தில் மட்டும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் அகலம் போயிற்று. நடுவினின்று சற்று வலமாக நின்ற தலைவர்கள் இருவரும் அதனால் நடுவே வந்துவிட்டனர். படை முன்னோக்கி நடக்கும் விரைவு குன்றிற்று. வெட்டுதற்கு முன்னரே கெரிட் லுண்டன்ஸ் என்பார் எழுதிய சிறு படியொன்றால் இதனை அறிகின்றோம். மேலும், மெருகுப் பூச்சும் அழுக்கும் நாளடைவிற் கருத்தமையால், பகற்காட்சி இரவுக்காட்சியென மயங்கப்பட்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் ‘இராக்காவல்’ என்னும் பெயரும் ஏற்பட்டது. 1946–47-இல் கருத்த பூச்சை நீக்கியபோது பகலொளி மீண்டும் வெளிப்பட்டது. 2021-இல், ஆம்ஸ்டர்டாம் தேசிய அருங்காட்சியகத்தார் லுண்டன்ஸின் படியைத் துணைக்கொண்டு, இழந்த ஓரங்களைக் கணினியால் உருவாக்கிச் சில காலம் படத்தோடு பொருத்திக் காட்டினர்.

இவ்வரலாற்றைக் கற்றபோது எம் குடத்தின் நினைவு வந்தது. காலம் அப்பேரோவியத்தின் நிழலைக் கருமையாக்கியது. கத்தி அதன் தலைவரை நடுவில் நிறுத்தி ஓரங்களை நெருக்கியது. அவ்விரண்டையும் யாம் எம் கையாலேயே எம் படத்திற்குச் செய்திருந்தோம். ரெம்பிராந்தின் திறம் எமக்கு எட்டாதது. அவர் படத்திற்கு நேர்ந்த கேடோ எமக்கு நன்கு புரிந்தது. மறைத்து வைத்த தாளை வெளியே யெடுத்து, அதன் பின்புறத்திலேயே குடத்தை மீண்டும் எழுதினோம். இம்முறை ஒரு புறம் வெற்றிடம் விட்டோம். நிழலிற் கரியை நீக்கிக் காவியும் நீலமும் கலந்தோம். நல்ல படமென்று சொல்லுதற்கில்லை; ஆயினும் அது குடமாகவே நின்றது.

ஓவியம் பயிலும் இளைஞர்காள்! விலையுயர்ந்த வண்ணங்களைத் தேடுமுன், ஒரு கரித்துண்டும் ஒரு வெள்ளைத் தாளும் கொண்டு, ஒரு முட்டையைச் சன்னலோரத்தில் வைத்து எழுதிப் பாருங்கள். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் எழுதுங்கள். அதன் நிழலினுள்ளே ஒளி தெரியும் வரையில் கரித்துண்டை அழுத்தாதிருங்கள். உங்கள் முதற்றாளையும் கிழித்தெறிய வேண்டா. அதன் பின்புறம் பயன்படும்.